அக்மார்க் கஞ்சா

ஊருக்குத் திரும்பி மூன்று மாதம் ஆன பிறகுதான் இந்தக் கதையை வீட்டில் சொன்னேன். கோபிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். ராத்திரி எட்டரை மணி, கரண்ட் இல்லை. அம்மா எமர்ஜென்சி லைட்டை மேடையில் வைத்துக்கொண்டு தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதிக் கதையிலேயே திரும்பிப் பார்த்து, “அங்கெல்லாம் கஞ்சாவுக்கே அக்மார்க் முத்திர குத்தறாங்களாமா?” என்றாள்.

சிரித்துவிட்டேன். ஆனால் அவள் கேட்டது சரியான கேள்விதான். கலிபோர்னியாவில் அப்படி ஒரு முத்திரை இருக்கிறது. அதை அதன் சொந்தப் பெயரால் கூப்பிட முடியாது என்பதுதான் சிக்கல்.

2021-ல் நான் ஃப்ரீமாண்டில் இருந்தேன். எச்-1பி விசா. பணப் பரிமாற்றம் செய்யும் ஒரு கம்பெனியில் ஆடிட் லாக் எழுதுவது என் வேலை. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று வரிவரியாகச் சேர்த்துக்கொண்டே போகும் பதிவேடு அது. தப்பாக எழுதிவிட்டால் புதிதாக ஒரு வரி சேர்த்துத் திருத்தலாம். பழைய வரியில் யாரும் கை வைக்க முடியாது, அதை எழுதிய நானே கூட. கேட்பதற்கு இதைவிடச் சலிப்பான வேலை இருக்காது. எனக்குப் பிடித்திருந்தது.

டீமில் இருந்த நண்பன் ஒருநாள் மதியம், “நீ பதிவேடு ஆளுதானே, என் அத்தைக்கு ஒரு ஷீட் போட்டுத் தருவியா? ஆர்கானிக் சர்டிஃபிகேட்டுக்கு அப்ளை பண்ணப்போறாங்க” என்றான். என்ன பயிர் என்று கேட்டேன். சொன்னான். அவன் பெயரும் அத்தை பெயரும் இங்கே வேண்டாம். அவனுக்கு அத்தை என்றால் எனக்கும் அத்தை என்றே இருக்கட்டும்.

இங்கே கொஞ்சம் சட்டம் சொல்ல வேண்டியிருக்கிறது. கலிபோர்னியா மக்கள் 2016 நவம்பரில் வாக்களித்துக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினார்கள். 2018 ஜனவரி 1 முதல் 21 வயதானவர்கள் கடையில் வாங்கலாம். ஆனால் அமெரிக்க மத்திய அரசின் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது ஹெராயினோடு ஒரே பட்டியலில், முதல் அட்டவணையில் இருந்தது. ‘ஆர்கானிக்’ என்ற சொல்லும் மத்திய அரசின் கையில்தான் இருக்கிறது. 1990-ல் சட்டம் போட்டு, 2002-ல் விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்து, விவசாயத்துறையின் சான்று இல்லாமல் அந்தச் சொல்லைப் பெட்டியில் அச்சடித்து விற்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். குற்றம் என்று அறிவித்த செடிக்கு அதே அரசு எப்படிச் சான்று கொடுக்கும்? கொடுக்காது. அதனால் ஒரு துளி மருந்தடிக்காமல், மண்ணைக் குழந்தை மாதிரி வளர்த்து அறுவடை செய்தாலும் கஞ்சாப் பொட்டலத்தின் மேல் ‘ஆர்கானிக்’ என்று எழுத முடியாது. இதில் ஒரு வேடிக்கை. அதே செடி இனம், போதை தரும் டிஎச்சி 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் 2018 சட்டப்படி அதன் பெயர் ஹெம்ப். ஹெம்ப்புக்கு மத்திய அரசின் ஆர்கானிக் முத்திரை கிடைக்கும்.

காலியாகக் கிடந்த அந்த இடத்தில் ஆளாளுக்கு ஒரு முத்திரை செய்தார்கள். 2004-லேயே கிளீன் க்ரீன் என்று ஒன்று வந்துவிட்டது. 2019-ல் சன் ப்ளஸ் எர்த் வந்தது. அது கறார். செடி மண்ணில் நிற்க வேண்டும், சூரிய வெளிச்சத்தில் வளர வேண்டும், வேலையாட்களை நடத்தும் விதத்தையும் பார்ப்பார்கள். மாநில அரசும் 2017-லேயே சட்டம் போட்டு, மத்திய ஆர்கானிக் விதிகளுக்கு ‘ஒப்பான’ ஒரு திட்டத்தை 2021-ல் தொடங்கியது. அதன் பெயர் ஓகேல். ஆர்கானிக்கின் முதலெழுத்து, கூடவே கலிபோர்னியாவின் முதல் மூன்றெழுத்து. முழுப் பெயரைச் சொல்லக்கூடாது, முதலெழுத்து மட்டும் போட்டுக்கொள்ளலாம். நம்மூரில் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லாமல் சைகையில் சொல்லும் பாட்டிகள் ஞாபகம் வந்தது எனக்கு.

அத்தைக்கு வேண்டியது அந்த ஓகேல்.

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து 101 நெடுஞ்சாலையில் வடக்கே 200 மைல் போனால் கார்பர்வில். ஹம்போல்ட், மென்டசீனோ, டிரினிட்டி என்ற மூன்று மாவட்டங்களும் சேர்ந்த மலைப்பகுதிக்கு மரகத முக்கோணம் என்று பெயர். அங்கிருந்து மண்சாலையில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் அத்தையின் தோட்டம். லைசென்ஸ் 10,000 சதுர அடிக்கு. நம் கணக்கில் 23 சென்ட். அப்பாவின் மஞ்சள் காட்டில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அந்த 23 சென்ட்டுக்கு அவர் தரவேண்டியிருந்த காகிதங்கள் எங்கள் கிராமத்தின் மொத்தச் சிட்டா அடங்கலைவிட அதிகம்.

அவருக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. எழுபதுகளில் நகரத்தை விட்டு மலையேறி வந்த கூட்டத்தில் ஒருவர். வாசலில் நின்று என் லேப்டாப் பையைப் பார்த்து, “நாற்பது வருஷம் நான் ஒரு காகிதம் கூட வைத்துக்கொண்டதில்லை” என்றார். பெருமையாகச் சொன்னாரா, எச்சரித்தாரா என்று தெரியவில்லை.

எனக்கு அது பிறகுதான் புரிந்தது. 1983-லிருந்து அந்த மலைகளின் மேல் கோடை தோறும் போலீஸ் ஹெலிகாப்டர்கள் பறந்தன. கேம்ப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். செடியைக் கண்டால் வெட்டுவார்கள், வீட்டைச் சோதிப்பார்கள். வீட்டில் ஒரு கணக்கு நோட்டு கிடைத்தால் அதுதான் சாட்சி. அதனால் யார் விதை கொடுத்தார்கள், எவ்வளவு விளைந்தது, யாருக்குப் போனது என்று எதையும் எழுதக்கூடாது. எழுதியிருந்தால் அடுப்பில் போடு. பக்கத்துத் தோட்டக்காரர் பெயரைக்கூடப் பாதிதான் தெரிந்து வைத்துக்கொள். முப்பது நாற்பது வருஷம் இப்படி வாழ்ந்தவரிடம் போய், மூன்று வருஷமாக இந்த மண்ணில் தடைசெய்த பொருள் எதுவும் விழவில்லை என்பதை எழுத்தில் காட்டுங்கள் என்றால்?

2018-ல் லைசென்ஸ் வாங்கியதிலிருந்து வேறு வழியில்லாமல் கொஞ்சம் காகிதம் சேர்ந்திருந்தது. ஷூ பெட்டிகளில். உர ரசீதுகள், மண் பரிசோதனை முடிவுகள், விதைப் பொட்டலங்களின் மேலுறைகள். தோட்டத்தில் பூக்கும் ஒவ்வொரு செடியிலும் மாநில அரசின் கண்காணிப்பு எண் போட்ட பிளாஸ்டிக் பட்டை ஒன்று தொங்கியது. ஒருமுறை மாட்டினால் அறுவடையோடு குப்பை. “பூமியைக் காப்பாற்றும் விவசாயத்துக்கு வருஷா வருஷம் இத்தனை பிளாஸ்டிக்” என்று ஒரு பட்டையைச் சுண்டிவிட்டார்.

இரண்டு சனி ஞாயிறுகள் உட்கார்ந்து ஷீட் போட்டேன். எந்த விதை, எந்தப் பாத்தி, எந்த நாளில் என்ன போட்டது, எவ்வளவு அறுத்தது, எவ்வளவு காய்ந்தது, எங்கே போனது. இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒருமுறை வருவார். கடையில் இருக்கும் ஒரு பொட்டலத்தின் எண்ணைச் சொல்லிப் பின்னோக்கிப் பாத்தி வரை வழி காட்டச் சொல்வார். 100 கிலோ விற்றதாகக் கணக்கிருந்து, அந்தப் பாத்தியில் 60 கிலோதான் விளைந்திருக்க முடியும் என்றால் மாட்டிக்கொள்வீர்கள். இதையேதான் நான் ஆபீசில் டாலருக்குச் செய்துகொண்டிருந்தேன்.

முட்டிக்கொண்டது எரு விஷயத்தில். ஆர்கானிக் விதிப்படி எருக்குவியலைப் பாத்தி மாதிரி நீளமாகப் போட்டால் 55 டிகிரிக்கும் 77 டிகிரிக்கும் இடையில் 15 நாள் சூடு நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும். அதை எழுதி வைக்க வேண்டும். அத்தை கையை முழங்கை வரை குவியலுக்குள் விட்டு, “இது போதும்” என்றார். டிகிரி எவ்வளவு என்றேன். “போதும் டிகிரி” என்றார். அப்பா மஞ்சள் வேக வைக்கும்போது ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்து, ஆவி வாசத்தை முகர்ந்து, அடுப்பை அணைக்கச் சொல்லும் அதே குரல். மறுவாரம் நானே ஒரு நீளக் கம்பி தெர்மாமீட்டர் வாங்கிக்கொண்டு போனேன். கையும் கம்பியும் ஒன்றையே சொன்னதில் அத்தைக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. எனக்குத்தான்.

அதுவரை எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. மாநிலத்தில் விற்கும் எல்லாக் கஞ்சாவும் எப்படியும் ஆய்வகத்துக்குப் போகிறது. 66 பூச்சிக்கொல்லிகளுக்குச் சோதனை செய்கிறார்கள். தக்காளியைக் கழுவலாம், கஞ்சாவைக் கழுவ முடியாது. கொளுத்தித்தான் இழுக்கிறார்கள். திராட்சைக்கு அடிக்கும் மைக்ளோபுட்டானில் என்ற பூஞ்சைக்கொல்லி, சூட்டில் சிதைந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். அதனால் சோதனை அவசியம், சரி. ஆனால் அதில் தேறிவிட்டால் போதாதா, இன்னொரு முத்திரை எதற்கு?

அத்தையின் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்தபோதுதான் கொஞ்சம் பிடிபட்டது. ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை கஞ்சாவுக்காக ஓடையிலிருந்து சொட்டுத் தண்ணீர் எடுக்கக்கூடாது. ஈல் ஆற்றின் கிளை ஓடைகளில் சால்மன் குஞ்சுகள் இருக்கும். மழைக்காலத்தில் பிடித்து வைத்த தண்ணீரில்தான் கோடைப் பயிர். இது எந்த ஆய்வக முடிவிலும் தெரியாது. ஜன்னலே இல்லாத கிடங்கில், விளக்குப் போட்டு, ஏசி போட்டு வளர்த்த பூவும் அந்த 66-லும் தேறிவிடும். அப்படி உள்ளே வளர்க்கும் ஒரு கிலோ காய்ந்த பூவுக்கு, ஊரைப் பொறுத்து 2,283 கிலோ முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுக் கணக்கு ஏறுகிறது என்று கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் எழுதினார்கள். எல்லா டெஸ்ட்டும் பச்சையாகப் பாஸாகும், ஆனால் உள்ளே திறந்து பார்த்தால் வயிற்றைக் கலக்கும் கோடு எங்கள் தொழிலிலும் உண்டு. எப்படி எழுதப்பட்டது என்பது வேறு விஷயம். அதற்கு ஒருவர் வந்து பார்க்க வேண்டும், அல்லது எழுதி வைத்ததை நம்ப வேண்டும்.

எழுதி வைத்தால்தான் நம்புவார்கள் என்பதை அத்தை மெல்ல ஏற்றுக்கொண்டார். ஷீட் மட்டும் போதாது, வயலிலேயே ஒரு நோட்டு இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். பக்க எண் அச்சடித்த கனமான நோட்டு ஒன்று வாங்கினார். நாற்பது வருஷத்தில் முதல் நோட்டு. அதன் முதல் வரிகளில் ஒன்று: பழைய ரசீதுகள் எல்லாம் புதிய ஷீட்டுக்கு ஏற்றப்பட்டன, உதவியவர் இன்னார். என் பெயர். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடத் தப்பில்லாமல் எழுதியிருந்தார். அமெரிக்காவில் அது எவ்வளவு அபூர்வம் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

2022 பிப்ரவரியில் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஜூனில் கோபியில் கல்யாணம். போகிற போக்கில் சென்னையில் விசா ஸ்டாம்பிங் செய்துகொள்ள வேண்டும். வக்கீலோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது விளையாட்டாக இந்தத் தோட்டக் கதையைச் சொன்னேன். எதிர்முனையில் சத்தமே இல்லை.

“பணம் வாங்கினீர்களா?”

இல்லை.

“இழுத்தீர்களா? ஒருமுறையாவது?”

இல்லை. உண்மையாகவே இல்லை. அந்த வாசனையே எனக்குத் தலைவலி.

“எந்தக் காகிதத்திலாவது உங்கள் பெயர் இருக்கிறதா?”

விசா விண்ணப்பத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது, போதைப்பொருள் சட்டம் எதையாவது எப்போதாவது மீறியது உண்டா என்று. மாநிலச் சட்டம் அனுமதித்ததா என்பது அங்கே பேச்சில்லை, மத்தியச் சட்டம்தான் கணக்கு. குடியுரிமை கேட்டு வருகிறவர் கஞ்சாத் தொழிலில் வேலை பார்த்திருந்தால், மாநிலம் அதை அனுமதித்திருந்தாலும் ‘நன்னடத்தை’ இல்லை என்று தள்ளலாம் என 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை எழுதியே அறிவித்திருந்தது. நான் குடியுரிமைக்குப் பல வருஷம் தள்ளி, ஸ்டாம்பிங் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். வக்கீல் சொன்னதன் சாரம்: இனி அங்கே போகாதே, போட்டோ எடுக்காதே, உன் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கே இல்லாமல் பார்த்துக்கொள். கடைசியாகச் சொன்னதை அவர் நேராகச் சொல்லவில்லை. நான்தான் அப்படிப் புரிந்துகொண்டேன், அல்லது அப்படிப் புரிந்துகொள்ள விரும்பினேன்.

அன்று ராத்திரி ஷீட்டை நண்பனின் கணக்கில் புது ஃபைலாக நகல் எடுக்கச் சொல்லிவிட்டு, பழையதை அழித்தேன். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாறு அதோடு போயிற்று. நகலில் எல்லா வரியும் அவன் எழுதியதாக இருக்கும். ஆபீசில் நான் இதைச் செய்திருந்தால் மறுநாள் வேலை இருந்திருக்காது. மூன்று நிமிஷ வேலை. கை நடுங்கவெல்லாம் இல்லை.

மீதி இருந்தது நோட்டு. அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடச் சொல்லு என்று நண்பனிடம் கேட்டேன். வாட்ஸ்அப்பில் கேட்கவில்லை, காபி மெஷின் பக்கத்தில் நின்று வாயால் கேட்டேன். அடுத்த வாரம் அவன் சொன்னான். அத்தை கிழிக்கமாட்டாராம். பக்க எண் இருக்கிறதே, ஒரு பக்கம் காணாமல் போனால் மொத்த நோட்டும் சந்தேகமாகிவிடும். ஒயிட்னரும் போடக்கூடாது. தப்பான வரியின் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் தேதி, சுருக்கொப்பம். அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே.

“அப்படியே கோடு போட்டுட்டாங்க” என்றான்.

“பேரு படிக்க முடியுதா?”

“நல்லா தெளிவா.”

அந்த ஜூனில் சென்னைத் தூதரகத்தின் ஜன்னலில் இரண்டு நிமிஷம்தான். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எந்த ஊர். கஞ்சா பற்றி யாரும் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்று டிக் செய்திருந்தேன். அது பொய்யா இல்லையா என்று இன்றைக்கும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தங்கச்சி கல்யாணத்தில் பந்தி பரிமாறினேன். எல்லோரும் எப்போது திரும்பி வருவாய் என்றுதான் கேட்டார்கள். 2024-ல் வந்தேன். அதற்குக் காரணங்கள் வேறு. ஆனால் அங்கே இருந்தபடி இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன்.

அத்தைக்குச் சான்றிதழ் வந்தது. விலை வரவில்லை. பவுண்டுக்கு 1,000 டாலருக்கு மேல் போய்க்கொண்டிருந்த சரக்கு 2021 அறுவடையிலேயே சில நூறுக்கு இறங்கியிருந்தது. அதிலும் என்ன விலைக்கு விற்றாலும் பவுண்டுக்கு 161 டாலர் 28 சென்ட் சாகுபடி வரி, அதை 2022 ஜூலையில்தான் எடுத்தார்கள். கடைக்காரர்கள் முத்திரையைப் பார்த்துவிட்டு, டிஎச்சி எத்தனை சதவீதம் என்று கேட்டார்களாம். 2023-ல் அவர் லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. இப்போது பூண்டும் பீன்ஸும் போடுகிறாராம். பூண்டை உள்ளூர்ச் சந்தையில் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொள்கிறார்கள்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது கரண்ட் வந்துவிட்டிருந்தது. அப்பா அதுவரை ஒன்றும் பேசவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிற மனுஷன். பிறகு சம்பந்தமில்லாத மாதிரி, “நம்ம குரூப்புலிருந்து நான் ஏன் வெலகுனேன்னு உனக்குச் சொல்லியிருக்கறனா?” என்றார்.

சொன்னதில்லை. அப்பா இயற்கை விவசாயத்துக்கு மாறி, பிஜிஎஸ் குழுவில் சேர்ந்தது தெரியும். அதில் வெளியிலிருந்து இன்ஸ்பெக்டர் வருவதில்லை. குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழு, ஒருத்தர் காட்டை மற்றவர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வருஷம் கழித்து அப்பா விலகிவிட்டார். எழுத்து வேலை ஒத்துவரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பால் கணக்கு, கூலிக் கணக்கு, மழை எத்தனை உழவு என்று இருபது டைரி எழுதி வைத்திருக்கும் மனுஷனுக்கு எழுத்து வேலையா ஒத்துவராது? இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

“பங்காளி ஒருத்தன். பேரு வேண்டாம். ராத்திரில யூரியா போடறான். நான் பாத்தேன். நான் பாத்தது அவனுக்கும் தெரியும். கையெழுத்துக்கு வந்து நிக்கறான், வீட்டுல புள்ளைக்குப் பேசி முடிச்சிருக்குது. போட்டுக் குடுத்துட்டேன்.” தண்ணீர் குடித்தார். “அப்பறம் அந்தத் தாள்ல என்ற பேரு இருக்கறதே புடிக்கல. வெலகிட்டேன்.”

அம்மாவுக்கும் இது புதிது போல. கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“வெலகுனா பேரு போயிருமாப்பா?” என்றேன்.

“அதெங்க போகுது.” கொஞ்ச நேரம் கழித்து, “அந்தம்மாளோட நோட்டு இப்ப என்னாச்சு?” என்றார்.

“பல வருஷம் வெச்சிருக்கோணும்ப்பா. ரூல்ஸ்.”

அப்பா விரலில் வருஷத்தை எண்ணினார். “அப்ப இன்னும் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, இன்னொரு தோசை போடச் சொல்லி அம்மாவிடம் தட்டை நீட்டினார்.